ஊட்டுகிற கையும் நலமா இருக்கோணும்

இந்த மாதப் பாடம்: பள்ளியில் வேலை செய்வோரின் உடல்நலமும் செவிலியரின் பங்கும்
(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்காக)



பள்ளிக்கூடம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிள்ளைகள்தான். பையன் சாப்பிட்டானா, காய்ச்சல் அடிக்குதா, கண்ணு சரியாத் தெரியுதா என்று கேட்கிறோம். கேட்கவும் வேண்டும். ஆனால் அதே பள்ளிக்குப் பெரியவர்களும் தினமும் வேலைக்கு வருகிறார்கள். ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், காலை உணவு சமைக்கிற நம் குழுச் சகோதரிகள், கழிப்பறை சுத்தம் செய்கிற அம்மா. இவர்களுக்குத் தலை சுற்றினால், கை வெந்து போனால் யார் பார்ப்பது?

"நமக்கு என்னங்க, புள்ளைங்க நல்லா இருந்தாப் போதும்" என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம். அந்தப் பேச்சு சரிதானா என்று பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

பள்ளியும் ஒரு வேலைத்தலம்

நம்ம பொங்கலூர் வட்டாரத்தில் வேலை என்றால் பனியன் கம்பெனி, விசைத்தறி, கோழிப்பண்ணை, தோட்டங்காடு என்று சொல்வோம். அங்கே பஞ்சுத் தூசு, தறிச் சத்தம், மருந்துவாடை உண்டு. உடம்புக்குக் கெடுதல் என்று தெரியும். பள்ளிக்கூட வேலையை அப்படி யாரும் நினைப்பதில்லை. "நிழல்ல இருக்கற வேலை" என்போம்.

ஆனால் பள்ளிச் சமையலறையில் நிற்பவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1982 ஜூலையில் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது முதல் ஆயிரக்கணக்கான பெண்கள் பள்ளி அடுப்படியில் வேலை செய்து வருகிறார்கள். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலை உணவு சமைக்கும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் வந்தது. அதாவது, பள்ளியில் வேலை செய்வோரின் உடல்நலம் என்பது இனி அடுத்தவர் விஷயம் இல்லை. நம்ம குழு விஷயம்.

காலை உணவு சமைக்கிற ஒரு சகோதரியின் நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து வீட்டு வேலை. கோழி கூவுற நேரத்துக்குப் பள்ளிச் சமையலறை. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, மணியடிக்குமுன் தயாராக வேண்டும். பாத்திரம் கழுவி வைத்த பிறகு, சிலர் சின்ன வெங்காயம் அறுக்கப் போகிறார்கள். சிலர் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பவும் வீட்டு அடுப்பு. பிள்ளைகளுக்குச் சுடச்சுடப் பரிமாறிய இவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்டால், பாதிப் பேருக்குப் பதில் வராது.

பள்ளிச் செவிலியர் எப்படி வந்தார்?

பெரிய விடுதிப் பள்ளிகளில் "ஸ்கூல் நர்ஸ்" என்று ஒருவர் இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இந்த வேலை எப்படிப் பிறந்தது என்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் 1902-இல், கண்நோய், சொறிசிரங்கு, பேன், படை உள்ள பிள்ளைகளை டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பியதோடு சரி. மருந்து போட ஆள் இல்லை. தாய்க்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. பிள்ளை தெருவில் நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரை ஒரு மாதச் சோதனையாக 4 பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர் பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்து போட்டார். சாயங்காலம் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பலன் தெரிந்ததும் இன்னும் பல செவிலியர்களைச் சேர்த்தார்கள். 1902 செப்டம்பரில் நோய் காரணமாகப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டவர்கள் 10,567. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அது 1,101 ஆகக் குறைந்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? "உனக்கு நோய், நீ போ" என்று சொல்வது டாக்டருக்கும் அதிகாரிக்கும் சுலபம். "உனக்கு நோய், வா பார்க்கலாம்" என்று சொல்ல ஒரு செவிலியர் தேவைப்பட்டார்.

முதலில் பிள்ளைகளை மட்டும் பார்த்த பள்ளிச் செவிலியர்கள், பிறகு அங்கே வேலை செய்கிறவர்களையும் பார்க்கத் தொடங்கினார்கள். 2014-இல் அமெரிக்காவில் பள்ளி நலனுக்கு 10 அம்சங்கள் கொண்ட ஒரு முறையை வகுத்தார்கள். பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டு, மருத்துவம் என்று போகிற அந்த வரிசையில், பள்ளி ஊழியர்களின் உடல்நலமும் தனியாக ஓர் அம்சமாக இருக்கிறது.

அதே ஊரில் ஒரு சமையல்காரம்மா

அதே நியூயார்க்கில், அதே காலத்தில், மேரி மாலன் என்ற பெண் வீடுகளில் சமையல் வேலை பார்த்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். நன்றாகச் சமைப்பார். ஆனால் அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. 1906-இல் ஒரே வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு வந்தது. காரணம் தேடியபோது, டைபாய்டு கிருமி மேரியின் உடம்பில் இருப்பது தெரிந்தது. அவருக்கோ காய்ச்சல் இல்லை, ஒரு வலியும் இல்லை. "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் நம்பவே இல்லை.

1907-இல் அவரைப் பிடித்து ஒரு தீவில் தனியாக வைத்தார்கள். 1910-இல், இனி சமைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். துணி துவைக்கும் வேலைக்குப் போனார். சமையலை விட அதில் கூலி குறைவு. கொஞ்ச நாளில் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்குப் போய்விட்டார். 1915-இல் அவர் சமைத்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது. 2 பேர் இறந்தார்கள். மறுபடி அதே தீவு. 1938-இல் சாகும் வரை அங்கேயே இருந்தார்.

மேரி செய்தது தப்பு என்று சொல்லலாம். ஆனால் "சமைக்காதே" என்று சொன்னவர்கள், அதே கூலிக்கு வேறு வேலை தந்தார்களா? பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்களா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளிக்கும் இது வரும்.

ஊழியர்களுக்காகச் செவிலியர் என்ன செய்வார்?

பள்ளி ஊழியர்களின் நலனில் ஒரு நல்ல செவிலியர் 5 காரியங்கள் செய்வார்.

1. பரிசோதனை. ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை பார்ப்பார்.
2. வழிகாட்டுதல். யார் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்வார். போனார்களா என்று அடுத்த முறை கேட்பார்.
3. வேலை இடத்தைப் பார்த்தல். அடுப்பு, தரை, காற்று, கழிப்பறை, தண்ணீர் இவை ஆளுக்குக் கெடுதல் செய்கிறதா என்று கவனிப்பார்.
4. "இன்னைக்கு வேலை வேண்டாம்" என்று சொல்லுதல். நோய் பரவாமல் தடுக்க இந்தச் சொல் முக்கியம்.
5. காது கொடுத்துக் கேட்டல், ரகசியம் காத்தல். ஒருவருக்கு இருக்கிற நோயை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்.

ஐந்தாவதைக் குழுக்களும் கற்றுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் வைத்து "அவளுக்குச் சக்கரை 300 இருக்குதாமா" என்று ஒருவர் பேசினால் போதும். அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள்.

நம் ஊரில் அந்த வேலையை யார் செய்வது?

நம் ஊர்ப் பள்ளியில் தனியாகச் செவிலியர் உட்கார்ந்திருப்பதில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, தேசிய அளவில் 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. 18 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அது. ஜீப் வரும், பிள்ளைகளைப் பார்க்கும், போய்விடும்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. இரண்டு பேர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஒருவர் கிராம சுகாதார செவிலியர். நாம் "நர்சம்மா" என்று கூப்பிடுகிறவர்தான். பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடும் தடுப்பூசி, பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இவற்றுக்காகப் பள்ளியோடு அவருக்கு ஏற்கெனவே தொடர்பு உண்டு. அவர் பள்ளிக்கு வரும் நாளில், பிள்ளைகள் வேலை முடிந்தபின் அரை மணி நேரம் பெரியவர்களுக்கு ஒதுக்கக் கேட்கலாம். "நர்சம்மா, எங்க சமையல்கார அக்காளுக்கும் ஒருக்கா பி.பி. பார்த்துருங்க" என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம்.

இன்னொருவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. வீடு தேடி வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்தவர்கள் யார்? சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெற்ற பெண்கள். நம்மில் ஒருத்தி கற்றுக்கொண்டு நமக்கே செய்கிற வேலை இது.

வீட்டுக்கு அவர் வரும் நேரத்தில் சமையல் அக்கா பள்ளியில் இருப்பார். பூட்டின வீட்டைப் பார்த்துத் திரும்பிப் போனால் யாருக்கு நட்டம்? எந்த நாளில், எத்தனை மணிக்குப் பள்ளிப் பக்கம் வரலாம் என்று அவரோடு பேசி வைப்பது குழுவின் வேலை.

என்னென்ன பார்க்க வேண்டும்?

* இரத்த அழுத்தம்: 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் வலி காட்டாது. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. உப்பு ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரும்.
* சர்க்கரை: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
* இரத்தசோகை: பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஐந்து பேர் என்று கணக்குப் போடுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குவதை "வயசாச்சு" என்று விடக் கூடாது.
* கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்: 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.
* கண்: 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும். அரிசியில் கல்லும் பூச்சியும் பார்க்கிறவருக்குக் கண்ணாடி அவசியம்.

சமையல் செய்வோருக்கு இன்னும் ஒன்று. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உணவைக் கையாளுகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும்; டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் வேண்டும். இது நம்மைச் சந்தேகப்படுவதற்காக இல்லை. மேரி மாலனுக்குத் தெரியாமல் போனது நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

வேலை இடத்து ஆபத்துகள்

*அடுப்பு:* பாலியஸ்டர், நைலான் சேலை வேண்டாம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பாத்திரம் பிடிக்கத் தடித்த பருத்தித் துணி வையுங்கள். நம்ம ஊரில் பனியன் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? துணி காய்ந்திருக்க வேண்டும், ஈரத்துணியில் சூடு ஏறிவிடும். வெந்து போனால் வளையலைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*சுமை:* சோற்றுப் பானையை ஒருவராகத் தூக்க வேண்டாம். இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி இருவராகத் தூக்குங்கள்.

*கழிப்பறை சுத்தம்:* பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து குளோரின் என்ற நச்சுப்புகை கிளம்பும், மூச்சு அடைக்கும். சுத்தம் செய்யும் அம்மாவுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

*சிறுநீரை அடக்குதல்:* ஆசிரியையும் சரி, சமையலரும் சரி, "கழிப்பறை சரியில்ல" என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று முடிகிறது. சுத்தமான கழிப்பறை கேட்பது உடல்நலம் கேட்பதுதான்.

*மன பாரம்:* ஆசிரியருக்குத் தொண்டை வலியும் கால் வலியும் மட்டும் இல்லை, மன அழுத்தமும் உண்டு. சமையலருக்கும் உண்டு. தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசரத்துக்கு 108.

இந்தப் பாடத்தின் முக்கிய இடம்

மல்லிகா என்று ஒரு சகோதரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை உணவு சமைப்பவர். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. போகாவிட்டால் கூலி போகும். "பொறுப்பில்லாதவ" என்று பேரும் வரும். மாற்று ஆளும் இல்லை. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு போகிறார். யாரிடமும் சொல்லவில்லை. அன்று 60 பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அதில் அவர் மகளும் ஒன்று.

இப்போது சொல்லுங்கள், தப்பு மல்லிகா மேல் மட்டுமா? நோயைச் சொன்னால் வயிற்றில் அடிக்கிறது, சொல்லாவிட்டால் கூலி கிடைக்கிறது என்று நாம் ஏற்பாடு வைத்திருந்தால், யாரும் மறைக்கத்தான் செய்வார்கள். நூறு ஆண்டுக்கு முன் நியூயார்க்கில் நடந்ததும் இதுதான்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், மஞ்சள் காமாலை, காய்ச்சலோடு தொண்டை வலி, கையில் சீழ்ப்புண், காதிலோ கண்ணிலோ சீழ் இவை இருந்தால் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்ற பிறகும் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். டைபாய்டு, காமாலை என்றால் டாக்டர் சொன்ன பிறகுதான் சமையலறை. இதைச் செவிலியர் சொல்லலாம். ஆனால் அந்த 2, 3 நாள் கூலிக்கு வழி செய்ய வேண்டியது குழு.

ஒரு வழி இது:

1. மாற்றாகச் சமைக்க ஓர் ஆளை முன்கூட்டியே தீர்மானம் போட்டு எழுதி வையுங்கள். அவருக்கும் பயிற்சி, பரிசோதனை உண்டு.
2. அந்தப் பெயரைத் தலைமையாசிரியருக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கும் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள்.
3. 12 பேர் குழுவில் ஆளுக்கு மாதம் 10 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் மாதம் 120, ஆண்டுக்கு 1,440 ரூபாய். ஒரு நாள் கூலி 150 என்று வைத்தால், நோயில் படுத்த சகோதரிக்கு ஆண்டில் 9 நாள் முழுக் கூலி கொடுக்கலாம். மாற்று ஆளின் கூலி அவருக்குத் தனியாகப் போகும்.
4. நோயைச் சொல்லி லீவு எடுத்தவரைக் கூட்டத்தில் பாராட்டுங்கள். திட்ட வேண்டாம்.

ஒரு டீ செலவு. அதற்கு 60 பிள்ளைகளின் வயிறும், ஒரு சகோதரியின் மானமும் காப்பாற்றப்படும்.

கூட்டத்தில் பேச

* நம் பள்ளியில் வேலை செய்கிற பெரியவர்கள் மொத்தம் எத்தனை பேர்? கடைசியாக அவர்கள் எப்போது பி.பி. பார்த்துக்கொண்டார்கள்?
* சமையல் செய்யும் சகோதரிக்கு நோய் வந்தால் யார் போவார்கள்? அந்த நாள் கூலி என்ன ஆகும்?
* பெரியவர்களுக்கும் சுத்தமான கழிப்பறை பள்ளியில் இருக்கிறதா?
* கம்பெனிக்குப் போகும் நம் உறுப்பினர்களும் நோயை மறைத்து வேலைக்குப் போகிறார்களா? ஏன்?

இந்த மாதம் செய்ய

நர்சம்மா அடுத்து பள்ளிக்கு வரும் தேதியைக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சமையலர், உதவியாளர், சுத்தம் செய்பவர் எல்லோரையும் அன்று இருக்கச் சொல்லுங்கள். மாற்று ஆளின் பெயரை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். சமையல் முடிந்ததும் முதல் தட்டில் பிள்ளைகளுக்குப் போடுங்கள். கடைசித் தட்டு சமைத்தவருக்கு மிச்சம் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பாருங்கள்.